அப்பப்பாவின் கல்வெட்டு: கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

எங்கள் அப்பப்பா 91 வயதில் காலமானார். 31ஆம் நாளுக்கு இன்னும் மூன்று கிழமைதான். அன்று கொடுக்கும் கல்வெட்டு (நினைவு மலர்) எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. 1953இல் ஊரிலிருந்து வந்து துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். பென்சன் எடுத்த பிறகும் கோயில் கணக்கு, பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு, மரீன் டிரைவில் நடை என்று ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. எழுதப்போனால் 'அன்பானவர், பண்பானவர்' என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. பிறந்த ஆண்டிலும் குழப்பம். சாதகத்தில் ஆங்கிரச வருடம் பங்குனி மாதம். அது 1932 என்கிறார் பெரியப்பா. அடையாள அட்டை 33075 என்று தொடங்குகிறது. எங்கே தொடங்குவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்பின் வாசகிக்கு,

பிறந்த ஆண்டை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிரச வருடம் 1932 சித்திரையில் தொடங்கியது. பங்குனி அதன் கடைசி மாதம். ஆகவே அது 1933 மார்ச் - ஏப்ரல். வருடப் பெயரை மட்டும் பார்த்து ஆங்கில ஆண்டைப் போடுவதால் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்குக் கல்வெட்டுகளில் ஒரு வயது கூடிவிடுகிறது. பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 75இல் ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29 கழித்தால் மார்ச் 15. 1933 லீப் வருடம் அல்ல என்றாலும் அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள்தான். 28 என்று எண்ணினால் 16 வந்துவிடும். சாதகமும் அட்டையும் ஒன்றையே சொல்கின்றன.

இனி எழுத்து. 'பண்பானவர்' என்ற சொல்லை எந்தக் கல்வெட்டிலிருந்தும் எடுத்து எந்தக் கல்வெட்டிலும் ஒட்டலாம். அவர் என்ன செய்தார் என்பதை அப்படி ஒட்ட முடியாது. ஆகவே அவர் செய்த வேலைகளைத் தேடுங்கள். கோயில் கணக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கி ஒரு பக்கத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். எண்ணெய், கற்பூரம், பூமாலை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரியா? பிழைத்த தொகையை ஒற்றைக் கோடால் வெட்டிப் பக்கத்தில் கையொப்பம் வைத்தாரா, அழித்து எழுதினாரா? பற்றுச்சீட்டுகளைக் குண்டூசியால் குத்தி வைத்தாரா? அதை மூன்று வரியில் எழுதி, அந்தப் பக்கத்தையே படமாகப் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவருடைய கையெழுத்தும் கிடைக்கும்.

வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் கடைசி இருபது வருடம்தான். இளமைக் காலத்தை அவர் வயதுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அவர்களில் ஆக மூத்தவரோடு இன்றைக்கே பேசுங்கள். "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் மறுபடி 'நல்ல மனிசன்' என்றுதான் வரும். "கொழும்பில் முதலில் எங்கே தங்கினார், யாரோடு, சாப்பாடு எங்கே, சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார்?" என்று கேளுங்கள். பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள்.

ஞாபகம் பிசகும், ஆகவே சரிபார்க்க வேண்டும். முதன்முதலில் யாழ்தேவி ரயிலில் வந்தார் என்று யாராவது சொன்னால் அது பிழை. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். அறுபதுகளில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுத்தார் என்றால் திரும்பக் கேளுங்கள். 1966 முதல் 1971 வரை இங்கே கிழமை விடுமுறை ஞாயிறில் அல்ல, போயாவை (அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் அரை நிலா நாட்கள்) ஒட்டித்தான் வந்தது. பத்திரிகையில் அவர் பெயர் வந்ததாகச் சொன்னால், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். ஆண்டும் மாதமும் கையில் இல்லாமல் போனால் நாள் வீணாகும்.

1958, 1983 இனக்கலவரங்களை 'பல இன்னல்களைச் சந்தித்து' என்ற ஒற்றை வரிக்குள் அடைத்துவிடாதீர்கள். இரண்டு முறையும் கொழும்புத் தமிழர் பலர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 83இல் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் தங்கியிருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் எங்கே இருந்தார், எத்தனை நாள், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். எரிந்த கடதாசிகளின் இடத்தில் இனி இந்தப் பக்கம்தான் இருக்கப்போகிறது.

திதி வெண்பாவுக்கு (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு) புலவரிடம் கொடுக்க வேண்டியவை: வருடம், மாதம், பட்சம், திதி, பெயர், ஊர். உயிர் பிரிந்த நேரத்தில் நின்ற திதியே கணக்கு, அன்றைய காலைத் திதி அல்ல. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளை வேறுபடும். கிரியை செய்யும் குருக்கள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறாரோ அதையே பிடியுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுத் திவசத்தில் தடுமாற்றம் வரும்.

வம்சாவளிதான் மனத்தாங்கல் வரும் இடம். ஒவ்வொரு கிளையையும் அந்தந்தக் குடும்பத்துக்கே அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். மருமக்கள், மறுமணம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள், காலமானவர் பெயருக்கு முன் 'அமரர்', இந்த நான்கும்தான் வழக்கமாகப் பிழைக்கும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, முகவரி வேண்டாம். அவருடைய அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம்.

அச்சு வேலை: ஏ5 அளவு, நடுவில் கம்பி அடித்துக் கட்டுவதென்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 32 அல்லது 40 போதும். பஞ்சபுராணப் பாடல்கள் கடைசிப் பக்கங்களில் வரட்டும். வட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கியிருக்கும், அச்சில் மங்கும். மூலப் படத்தை வாங்கி 300 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். யூனிகோட்டிலிருந்து மாற்றும்போது 'ஸ்ரீ', மேற்கோள் குறிகள், இடையில் வரும் ஆங்கில எழுத்துகள் குழம்பும். அதனால் மாற்றிய பிறகு வரும் புரூவில் (திருத்தப் படியில்) பெயர்களையும் ஆண்டுகளையும் ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20ஆம் நாளுக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தால் 27, 28இல் கைக்கு வரும். 25ஆம் நாள் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தினால் புரூவ் பார்க்க நேரமிருக்காது.

ஒரு பிரதியையும் பி.டி.எஃப். கோப்பையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள், நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். போனில் பதிவு செய்த பேச்சுகளைக் கல்வெட்டு வந்த பிறகு அழித்துவிடாமல், பேசியவர் பெயரும் திகதியும் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். புத்தகத்தில் இடமில்லாமல் போனதெல்லாம் அவற்றில்தான் இருக்கும்.