கழற்றி வைத்த பேட்டரி

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஒரு பண்ணை வீட்டை இரண்டு இரவுக்கு எடுத்திருக்கிறோம். நாங்கள் இருவர், எட்டும் ஐந்துமாக இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை. பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், ஆப்பிள் பறிக்க வேண்டும். எங்கெல்லாம் போகலாம்? ஞாயிறு ஆராதனையை ஒரு வாரம் விட்டால் தப்பா?

போன வருடம் இதே மாதிரி போன இடத்தில் விறகடுப்பு மூட்டப் போய் வீடெல்லாம் புகை. மழையில் நனைந்த விறகு வேறு. அத்தை மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸாஸ்ட் முழு வேகத்தில் ஓடியும் புகை போகவில்லை. அலாரம் அலறியதில் சின்னவள் பயந்து அழுதாள். இவர் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். அப்புறம் குளிரிலேயே குடும்ப ஜெபத்தை முடித்துப் படுத்தோம். இந்த முறை அடுப்பைத் தொடவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

குளிர் தொடங்குமுன் கரிப்புகையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. முதலில் உங்கள் மற்ற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஆமிஷ் மக்களைப் பிள்ளைகளுக்குக் "காட்ட" வேண்டாம். அவர்களும் நம்மைப் போல ஜெபிக்கிற குடும்பங்கள். முகம் தெரியப் படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை, எடுக்காதீர்கள். சாம்பல் நிறக் கூண்டு வைத்த அவர்கள் குதிரை வண்டியின் பின்னால் ஆரஞ்சு முக்கோணம் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். ஞாயிறன்று அவர்கள் கடை எதுவும் திறக்காது. வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே லங்காஸ்டர் நகரச் சந்தையில் வாங்குங்கள். செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான் சந்தை. சனிக்கிழமை மதியத்துக்குமுன் போய்விடுங்கள்.

ஆராதனையை விட வேண்டாம். திரும்பும்போது கொஞ்சம் சுற்றி டிராப் என்ற ஊர் வழியாக வாருங்கள். 1743இல் கட்டத் தொடங்கிய லூத்தரன் கல் கோவில் அங்கே இன்னும் நிற்கிறது, சபையும் நடக்கிறது. கட்டியவர் போதகர் மியூலன்பெர்க். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து 1742இல் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க்கும் அதே ஹாலேயில் படித்தவர்தான். இதை அத்தையிடம் சொல்லுங்கள், அவர்களே அந்தக் கோவிலுக்குப் போகலாம் என்பார்கள்.

இனி அடுப்பு. உங்கள் வீட்டுக்காரர் செய்தது இரண்டும் பெரிய தப்பு. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எரியும் இரும்படுப்பில் தண்ணீர் ஊற்றினால் இரும்பும் கதவுக் கண்ணாடியும் விரிசல் விடும், கொதிக்கும் ஆவி சாம்பலோடு முகத்தில் அடிக்கும். அதைவிட மோசம், பாதி நனைந்த கரி அணையாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது கொழுந்துவிட்டு எரியும் தீயிலிருந்து அல்ல, இப்படிப் புழுங்குகிற கரியிலிருந்துதான். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அந்த வாயு வரக்கூடிய நேரம் பார்த்துப் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஐந்து பேரும் தூங்கியிருக்கிறீர்கள். காலையில் எல்லாரும் எழுந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அலாரம் அடித்தால் சத்தத்தை எண்ணுங்கள். மூன்று மூன்றாக விட்டு விட்டு அடித்தால் புகை. நான்கு நான்காக அடித்தால் கார்பன் மோனாக்சைடு. மூன்று என்றால், தீ அடுப்புக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின் கதவு ஜன்னலைத் திறங்கள். நான்கு என்றால் எதையும் எடுக்காமல் பிள்ளைகளோடும் அத்தையோடும் வெளியே போய் 911 கூப்பிடுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை நீங்களே வாங்கி, போன உடனே படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். வாடகை வீட்டில் இருப்பது எத்தனை வருடப் பழசு என்று யாருக்குத் தெரியும்?

புகை ஏன் வந்தது என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஓடியும் புகை போகவில்லை என்கிறீர்கள். எக்ஸாஸ்ட் ஓடியதால்தான் புகை வந்தது. காற்றை வெளியே தள்ளும் சமையலறை எக்ஸாஸ்ட் நிமிடத்துக்கு 200, 300 கன அடியைத் தள்ளிவிடும். போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். புதுப்பித்த வீடுகளில் ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்திருப்பார்கள். மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை அடுப்பின் புகைக்குழாய்தான். மேலே போக வேண்டிய புகையை மீன் பொரித்த எக்ஸாஸ்ட் கீழே இழுத்துவிட்டது. குளியலறை விசிறியும் துணி உலர்த்தும் எந்திரமும் இதே வேலையைச் செய்யும். ஆகவே சமையலை முடித்து, எல்லாவற்றையும் நிறுத்தி, அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலை ஒரு அங்குலம் திறந்துவிட்டு மூட்டுங்கள்.

இரண்டாவது காரணம் ஈர விறகு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் வெடிப்புகள் தெரியும். இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஈர விறகு தொம்மென்று ஒலிக்கும், எரியும்போது உஸ்ஸென்று நுனியில் நுரை கக்கும். சூளையில் உலர்த்திய கட்டு இரண்டு வாங்கி உள்ளேயே வையுங்கள். அதையும் அங்கேதான் வாங்க வேண்டும், காரில் இங்கிருந்து ஏற்றிப் போகாதீர்கள். விறகோடு பூச்சியும் ஊர்விட்டு ஊர் போகும். புள்ளி லான்டர்ன்ஃபிளை என்ற பூச்சி அமெரிக்காவில் முதன்முதலாக 2014இல் அகப்பட்டது லங்காஸ்டரை ஒட்டிய பெர்க்ஸ் கவுன்டியில். இலையுதிர் காலத்தில் அது விறகின்மேல் சேறு அப்பியதுபோல முட்டையிடும்.

மூட்டும் விதம். குழாய் கடந்த ஒரு வருடத்துக்குள் சுத்தம் செய்யப்பட்டதா, விருந்தினர் மூட்டலாமா என்று வீட்டு உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். குழாயைத் திறந்து மூடும் டாம்பர் தகடு இருந்தால் அதையும், அடுப்புக்குள் காற்று விடும் விசையையும் முழுக்கத் திறங்கள். அடியில் புஜத்தின் தடிமனில் விறகு மூன்று. அதன்மேல் குறுக்காக மணிக்கட்டுத் தடிமனில் நான்கு. அதற்கும்மேல் விரல் தடிமனில் பத்துப் பன்னிரண்டு சிராய். உச்சியில் முடிச்சுப்போட்ட செய்தித்தாள். நம் ஊர் அடுப்பில் கீழே கொளுத்துகிற வழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். தீக்குச்சியை உச்சியில் வையுங்கள். தீ மேலே இருந்தால் குழாய் சீக்கிரம் சூடாகும். குழாயில் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நின்றால் அதை எதுவும் தள்ளாது, சூடு மட்டும்தான் தள்ளும். அதனால் கொளுத்துமுன் ஒரு தாளைச் சுருட்டிப் பற்றவைத்துக் குழாய் வாய்க்குக் கீழே அரை நிமிடம் பிடியுங்கள். அந்தப் புகை மேலே ஏறினால் மூட்டலாம். திரும்பி முகத்துக்கு வந்தால் இன்னொரு தாள்.

முதல் ஐந்து நிமிடம் கதவை விரலளவு திறந்து வைத்து அங்கேயே உட்காருங்கள். பிறகு சாத்துங்கள். இருபது நிமிடம் கழித்து விறகு நன்றாகப் பற்றியபின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். விடிய விடிய எரியட்டும் என்று காற்றை முழுக்க அடைக்காதீர்கள். புகை குழாய்க்குள் தார்போலப் படியும், இன்னொரு நாள் அந்தப் படிவே பற்றிக்கொள்ளும். பீட்சா அட்டை, வண்ணம் பூசிய பலகை எதையும் உள்ளே போடக் கூடாது. பிள்ளைகளுக்குத் தரையில் மூன்றடி தள்ளி ஒரு துண்டை விரித்து எல்லை காட்டுங்கள். தீ அணைந்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் சுடும்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மூட்டினால் எட்டு மணி ஜெபத்துக்கு அறை இதமாக இருக்கும். கடைசி விறகு ஒன்பதரைக்கு. தணல் சாம்பலாகும்வரை டாம்பரைச் சாத்தாதீர்கள். ஞாயிறு காலை சாம்பலை அள்ளவே வேண்டாம், அடுப்பிலேயே விடுங்கள். சாம்பலுக்குள் கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு கிடக்கும். காகிதப் பையிலோ குப்பைத் தொட்டியிலோ கொட்டியதில் வீடுகள் எரிந்திருக்கின்றன. அள்ளித்தான் ஆக வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் சொன்னால், மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத் திண்ணையில் வைக்காமல், வீட்டைவிட்டுத் தள்ளி வெறும் மண்ணில் வையுங்கள்.

ஆப்பிள் கேட்டிருந்தீர்கள். மெக்கின்டாஷ் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஃபூஜி கிடைக்கும். இழுத்துப் பிடுங்காமல் மேலே தூக்கித் திருகினால் காம்போடு வரும். புல்லில் நடந்து வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபரிலும் அது கடிக்கும்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம்.