சால்மனும் கேபர்நே சாவிஞ்ஞோனும்: அந்த உலோகச் சுவை எங்கிருந்து வருகிறது?

வணக்கம். அடுப்பில் வாட்டிய சால்மன் மீனுடன் கேபர்நே சாவிஞ்ஞோன் என்னும் சிவப்பு வைனைப் பரிமாறியபோது வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருந்ததாகவும், போத்தல் கெட்டுவிட்டதோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மீன் இல்லாமல் தனியாக அருந்தியபோது அது நன்றாகவே இருந்தது என்றும் நீங்களே சொல்வதால், போத்தலின்மேல் பழி சுமத்த வேண்டியதில்லை.

வைனில் மிகச் சிறிதளவில் கலந்திருக்கும் இரும்பு, மீனின் கொழுப்புடன் வினைபுரிந்து அந்த உலோகச் சுவையையும் மீன் கவிச்சியையும் உண்டாக்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் ஸ்காலப் சிப்பிகளை வைத்துச் செய்த சோதனையில், இரும்பு மிகுந்த வைன்களில்தான் இக்கவிச்சி தூக்கலாகத் தெரிந்தது. இரும்பின் அளவு திராட்சை விளைந்த மண், பயன்படுத்திய கருவிகள் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதாலும், முகப்புச்சீட்டில் அச்சிடப்படாததாலும், எந்தப் போத்தல் தொல்லை தரும் என்று வாங்கும்போதே உறுதியாகச் சொல்ல இயலாது. கேபர்நேயில் மிகுந்துள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நாவை வறட்டுவது இதனினும் வேறான, ஆனால் உடன்சேரும் தொல்லை.

சிவப்பு வைன்தான் வேண்டுமென்றால், டானின் குறைந்த பினோ நுவாரையோ, காமே திராட்சையில் செய்யும் போஜொலேயையோ சுமார் 14 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து ஊற்றுங்கள். சால்மனுக்குப் பினோ நுவார் என்பது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஊரறிந்த இணை. மீனுடன் வெண்ணெயில் வதக்கிய காளானையும் வைத்தால் இன்னும் பொருந்தும். மிஞ்சிய கேபர்நேயை நன்கு மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, நாளை ஆட்டிறைச்சி வறுவலுடன் பருகிப் பாருங்கள்.