முழங்காலுக்கு ஆட்டோ கியர், மச்சானுக்குப் புது மொடல்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் ஆசிரியராக இருக்கிறேன். மனைவி மட்டக்களப்பு நகரில் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1,70,000 ரூபாய். 2016இல் லீசிங்கில் வாங்கிய சிறிய காரை 2021இல் 5 இலட்சம் இலாபத்துக்கு விற்று, மறுபடியும் லீசிங் எடுத்து இப்போதுள்ள அல்ட்டோ 800ஐ வாங்கினோம். 2023இல் மனைவியின் தம்பி கடை போட்டபோது அதே வாகனத்தின் மேல் லீசிங்கைப் புதுப்பித்து அவருக்கு 8 இலட்சம் எடுத்துக் கொடுத்தேன். நான்கு மாதம் தவணை தந்தார், பிறகு இல்லை. இன்னும் 9 இலட்சம் பாக்கி. மாதம் 31,000 வீதம் மூன்று வருடம் கட்ட வேண்டும். மனைவிதான் தினமும் ஓட்டுகிறார். கிளச் மிதித்து இடது முழங்காலில் வலி. இந்தியாவிலிருந்து வந்துள்ள புதிய ஆட்டோ கியர் கார் ஒன்றை அதே மச்சான் பார்த்து வைத்திருக்கிறார். விலை 75 இலட்சம். பழையது 35 இலட்சத்துக்குப் போகும், லீசிங் 45 இலட்சம் கிடைக்கும், குறைவதற்கு நகையை அடகு வைக்கலாம் என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது காரைப் பற்றி. எனக்குக் கவலை தருவது, ஒன்பது வருடமாக நீங்கள் ஒரு லீசிங்கையும் கட்டி முடிக்கவில்லை என்பது. முதல் லீசிங் விற்பனையில் தீர்ந்தது. இரண்டாவது, மச்சானின் கடைக்காகப் பெருத்தது. இப்போது மூன்றாவது, ஐந்து மடங்காக. லீசிங் முடியும்வரை கம்பனியிடம் இருக்கும் வாகனப் புத்தகம் ஒரு நாளாவது உங்கள் அலுமாரியில் இருந்ததா?

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தெரிகிறது. 2021இல் கிடைத்த அந்த 5 இலட்சம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. அதன்பின் பழைய கார்களின் விலை ஏறியதால், கார் என்பது சேமிப்பு என்று பலரும் நம்பத் தொடங்கினார்கள். நீங்கள் விற்ற காரின் விலை ஏறியபோது வாங்கிய அல்ட்டோவின் விலையும் ஏறித்தான் இருந்தது. அந்த 5 இலட்சத்தை அங்கேயே கொடுத்துவிட்டீர்கள். ஐந்து வருடம் கட்டிய வட்டி தனி. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தாகிவிட்டது. 75 இலட்சத்துக்கு எடுக்கும் காரும் நாளைக்கு ஏறும் என்று யாராவது சொன்னால், அவர் 2021இலேயே நிற்கிறார்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். 35 இலட்சத்தில் 9 இலட்சக் கடனைத் தீர்த்தால் கையில் 26. லீசிங் 45 சேர்த்தால் 71. மீதி 4 இலட்சத்துக்கு நகை. வட்டி 14 வீதம், ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,05,000. முடியும்போது கட்டியிருப்பது 63 இலட்சம். அதில் 18 இலட்சம் வட்டி. வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது மாதம் 65,000. அதற்குள்தான் எரிபொருள், அடகு வட்டி, முழுக் காப்புறுதி எல்லாம் அடங்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

லீசிங் கம்பனி தரும் தவணை அட்டவணையில் முதல் வரியை வாசித்துப் பாருங்கள். 1,05,000 கட்டினால் அதில் 52,500 வட்டிக்கே போகும். இரண்டு வருடத்தில் 25 இலட்சம் கட்டி முடித்த பிறகும் 30 இலட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். சரியாக அந்த நேரத்தில் மச்சான் அடுத்த மொடலோடு வருவார்.

இனி ஆட்டோ கியர். இந்தியச் சந்தைக்காகச் செய்யப்படும் சிறிய கார்களில் ஆட்டோ கியர் என்றால் பெரும்பாலும் ஏ.எம்.டி. வகை. 2014இல் மாருதி செலேரியோவோடு அங்கே பரவத் தொடங்கியது. உள்ளே இருப்பது சாதாரண மெனுவல் கியர் பெட்டிதான். கிளச்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் உங்கள் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திர அமைப்பு செய்கிறது. அதனால் மலிவு, எரிபொருளும் மிச்சம். கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் தயங்கித் தலையாட்டும். கிளச் தட்டும் மெனுவலில் தேய்வதைப் போலவே தேயும். தனித்தனிக் கியர்கள் இல்லாத சி.வி.டி. வகை குலுக்கல் இல்லாமல் ஒரே சீராகப் போகும். இரட்டைக் கிளச் உள்ள டி.சி.டி. வேகமாக மாறும், உலர் கிளச் வகையாக இருந்தால் நெரிசலில் சூடேறும். ஒரே பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள்: ஜப்பான் வகன் ஆரில் வருவது 660 சி.சி. இயந்திரமும் பெரும்பாலும் சி.வி.டி.யும், இந்திய வகன் ஆர் பெரிய இயந்திரத்தோடு மெனுவலாகவோ ஏ.எம்.டி.யாகவோ வருகிறது. இரண்டும் வேறு வேறு வாகனங்கள்.

ஆனால் உங்கள் மனைவி ஓட்டுவது களுவாஞ்சிக்குடியிலிருந்து ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பாலம் வழியாக நகருக்கு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. காத்தான்குடிக் கடைத்தெருவைத் தவிர நெரிசல் என்று சொல்ல அதிகம் இல்லை. இந்த ஓட்டத்துக்கு ஏ.எம்.டி.யே தாராளம். பதுளை மலைக்குத் தினமும் ஏறுபவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். காணொளிகளில் புகழ்கிற ஆறு கியர், ஏழு கியர், டர்போ எல்லாம் இந்தத் தெருவில் உங்களுக்கு என்ன செய்யும்?

முழங்கால் வலியை நான் சிறிதாக எடுக்கவில்லை. முதலில் வைத்தியரைப் பாருங்கள். அடுத்து நல்ல கராஜ் ஒன்றில் கிளச்சைக் காட்டுங்கள். அல்ட்டோவில் கிளச் கேபிளில் இயங்குவது. கேபிள் பழசாகி, தட்டும் தேய்ந்துவிட்டால் பெடல் கல் போல இறுகும். ஓட்டுபவருக்கு அது நாளடைவில் பழகிப்போய்த் தெரியாமலே இருக்கும். இரண்டையும் மாற்றும் செலவு, நீங்கள் யோசிக்கும் புதுத் தவணையின் ஒரு மாதத்துக்கு எட்டுமா என்பதே சந்தேகம்.

அதற்குப் பிறகும் மனைவியால் ஓட்ட முடியவில்லை என்றால் ஆட்டோ கியருக்கு மாறுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கடன் இன்றுள்ள 9 இலட்சத்தைத் தாண்டக் கூடாது, மூன்று வருடத்தையும் தாண்டக் கூடாது. கையில் 26, கடன் 9, ஆக 35 இலட்சத்துக்குள் என்ன பழைய ஏ.எம்.டி. கிடைக்கிறதோ அதுதான். வருடம் சற்றுப் பழையதாக இருக்கும், இருக்கட்டும். வாங்குமுன் உங்கள் மெக்கானிக்கே கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். கிளச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கியர் மாற்றும் அமைப்பில் பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று. விற்பவரின் மெக்கானிக் சொல்வது கணக்கில் இல்லை. கிடைக்காவிட்டால் காத்திருங்கள். ‘மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், முதலைப் பிறகு பார்க்கலாம்’ என்று இடையில் யாராவது புதுத் திட்டம் கொண்டுவந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் மனைவிக்கு அவர் வீட்டார் போட்டது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைத் தனியாக உட்காரவைத்து, மாதம் 65,000 மிஞ்சும் என்பதைச் சொல்லிக் கேட்டீர்களா?

மச்சானிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த விற்பனையில் அவருக்குத் தரகு உண்டா? உண்டென்றால் குற்றமில்லை, தெரிந்திருந்தால் போதும். இரண்டாவது, 2023இல் வாங்கிய 8 இலட்சத்துக்கு மாதம் எவ்வளவு தர முடியும்? 15,000 தந்தாலும் உங்கள் தவணையில் ஏறக்குறைய பாதி குறையும். வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு தாளில் எழுதி, மாமா மாமி முன்னால் கையெழுத்து வாங்குங்கள். கோபித்துக்கொள்வார். இரண்டு கலியாண வீட்டில் முகம் கொடுக்காமல் போவார். அந்தப் பணம் முழுவதும் திரும்பி வரும்வரை அவருக்காகப் பிணைக் கையெழுத்தும் போடாதீர்கள்.

இந்த வாரமே லீசிங் கம்பனிக்குப் போய், இன்றைக்கு மொத்தமாகத் தீர்த்தால் எவ்வளவு, முன்கூட்டிக் கட்டினால் வட்டியில் என்ன கழிவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளும் கராஜின் மதிப்பீடும் கையில் வந்தபின் மறுபடி எழுதுங்கள்.