எங்கள் பகுதியில் மக்களை அன்றாடம் சைக்கிள் ஓட்ட வைப்பது எப்படி?

விழிப்புணர்வுப் பேரணி போதுமா, சைக்கிள் பாதை போடச் சொல்லிக் கேட்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதைதான். பேரணி முடிந்ததும் சைக்கிள் மறுபடி மாடிப்படிக்கு அடியில் போய்விடும்.

பலரும் ஒதுங்குவதற்குக் காரணம் பயம். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர், 2006-இல் நகரவாசிகளை நான்கு வகையாகப் பிரித்தார். சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆசை உண்டு, ஆனால் பயமும் உண்டு என்பது அவர் கணிப்பு.

இவர்களுக்கு, சாலையில் சைக்கிளுக்கென்று வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் போதாது. கோட்டை ஒட்டி நிற்கும் காரின் கதவு சட்டென்று திறந்தால், ஓட்டுபவர் நடுரோட்டுக்கு விலகியாக வேண்டும். தடுப்புக்கட்டை வேண்டும். அதைவிட முக்கியம், பாதை அறுபடாமல் இருப்பது. பெரும்பாலான பாதைகள் மிகவும் தேவைப்படும் சாலைச் சந்திப்பில்தான் காணாமல் போகும்! ஸ்பெயினின் செவில் நகரம் 2006-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே தடுப்புள்ள பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது; சைக்கிள் பயணங்கள் பல மடங்கு கூடின.

சரி, நீங்கள் எங்கே தொடங்கலாம்? பள்ளிக்குப் போகும் ஒரு வழியை எடுத்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். சக்கரம் போகும் திசையிலேயே கம்பி வைத்த வடிகால் மூடி இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும். இப்படிப்பட்ட இடங்களைப் படமெடுத்து உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுங்கள். 'சைக்கிள் வசதி வேண்டும்' என்ற பொத்தாம்பொதுவான மனுவைத் தள்ளிப்போடுவது சுலபம். இதைத் தள்ளிப்போடுவது கஷ்டம். அப்புறம், கடை வாசல்களில் சைக்கிளைப் பூட்டி நிறுத்த வளைகம்பியும் கேளுங்கள்.