டானி டார்க்கோ: எந்தப் பதிப்பை முதலில் பார்ப்பது?

ரிச்சர்ட் கெல்லி எழுதி இயக்கிய 'டானி டார்க்கோ' (2001) பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். முடிவைச் சொல்லவில்லை, பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

இரண்டு பதிப்புகள் கிடைக்கின்றனவே, எதைப் பார்ப்பது? (வாசகி, கோவை)

தியேட்டரில் வெளியான 113 நிமிடப் பதிப்பைத்தான். 2004இல் வந்த இயக்குநர் பதிப்பு சுமார் 20 நிமிடம் கூடுதல். அதில் காலப் பயணம் பற்றிய புத்தகத்தின் பக்கங்கள் திரையிலேயே வந்து ஒவ்வொன்றையும் விளக்கிவிடுகின்றன. கதையின் நாயகனான பள்ளி மாணவன் டானியோடு சேர்ந்து நாமும் குழம்புவதில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. தொடக்கப் பாட்டும் வேறு: முதல் பதிப்பில் 'தி கில்லிங் மூன்', பிந்தையதில் ஐஎன்எக்ஸ்எஸ் குழுவின் பாட்டு. இரண்டாவது முறை பார்க்கும்போது நீளமானதை எடுங்கள்.

டானிக்கு மனநோயா, இல்லை எல்லாம் நிஜமா? (வாசகர், நாகர்கோவில்)

1988 அக்டோபர் 2, நள்ளிரவு. டானியின் கண்ணுக்கு மட்டும் தெரியும், முயல் வேடமிட்ட ஃபிராங்க் டானியை வீட்டுக்கு வெளியே வரவழைக்கிறான். உலகம் முடிய 28 நாள், 6 மணி, 42 நிமிடம், 12 விநாடி என்கிறான். அதே இரவில் ஒரு ஜெட் என்ஜின் டானியின் அறைமேல் விழுகிறது. பிரமையின் பேச்சைக் கேட்டதால்தான் பையன் பிழைத்தான்! அதனால் 'நோய்' என்று ஒதுக்கவும் முடியவில்லை, 'நிஜம்' என்று நம்பவும் முடியவில்லை. இயக்குநர் பதிப்பில் மனநல மருத்துவர் (கேத்தரின் ராஸ்), இதுவரை கொடுத்தவை மருந்தே இல்லாத வெற்று மாத்திரைகள் என்கிறார். அந்த ஒரு வசனம் தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. அது இல்லாத முதல் பதிப்பே எனக்கு உசத்தி.

பள்ளி வராந்தா காட்சியில் வேகம் கூடிக் குறைகிறதே, செல்போனில் எடுக்க முடியுமா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

முடியும். அது ஒரே ஷாட் அல்ல. பஸ் கதவில் தொடங்கி, ஸ்டெடிகேமில் (நடந்துகொண்டே எடுத்தாலும் குலுங்காத கேமரா தாங்கி) எடுத்த சில நீண்ட ஷாட்களை 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' பாட்டின் மேல் கோத்திருக்கிறார்கள். பாத்திரங்கள் எல்லோரையும் வசனமே இல்லாமல் அறிமுகப்படுத்திவிடுகிறார்கள்.

நீங்கள் எடிட்டிங் டைம்லைனை விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்துக்கொண்டு, விநாடிக்கு 50 ஃப்ரேமில் எடுங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் படம் வழுக்கிக்கொண்டு போகும். 25இல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் இழுத்தால், இல்லாத ஃப்ரேம்களை மென்பொருள் கலந்து உண்டாக்கும். கை கால்கள் பேய்போல் இரட்டையாகத் தெரியும். ஷட்டர் வேகம் 1/100 விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/120, 1/240 வைத்தால் சிமிட்டல் பதிவாகிவிடும். வழக்கமான 1/50ஐவிட 1/100க்கு இரண்டு மடங்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே ஜன்னல் பக்கமுள்ள வராந்தாவைப் பிடியுங்கள்.

வேக மாற்றத்தைப் பட்டென்று வைக்காமல் 8 முதல் 12 ஃப்ரேமுக்குள் வளைவாக ஏற்றி இறக்குங்கள். கேமரா திரும்பும் நேரத்தில் மாற்றினால் வெட்டு தெரியாது. ஒத்திகையிலேயே ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிடுங்கள். 10 விநாடி நடை பாதி வேகத்தில் 20 விநாடி ஆகும். இந்தக் கணக்கைப் போடாமல் படம்பிடித்தால் பாட்டு முன்னாலும் படம் பின்னாலும் நிற்கும்.

சின்ன பட்ஜெட் படம் எப்படி இவ்வளவு செழிப்பாகத் தெரிகிறது? (வாசகர், சேலம்)

செலவு சுமார் 45 லட்சம் டாலர், படப்பிடிப்பு 28 நாள். நடிகை ட்ரூ பேரிமோரின் தயாரிப்பு நிறுவனமான ஃப்ளவர் ஃபிலிம்ஸ் கைகொடுத்தது, அவரே ஆசிரியையாகவும் நடித்தார். ஒளிப்பதிவாளர் ஸ்டீவன் போஸ்டர் அனமார்ஃபிக் லென்ஸில் (அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவுசெய்வது) அகலத்திரைக்கு எடுத்தார். அந்த லென்ஸ்களில் ஒளி நுழையும் துளையை முழுசாகத் திறந்தால் ஓரங்கள் மங்கும். கொஞ்சம் மூடினால் விளக்கு அதிகம் தேவை, அதற்குக் காசு இல்லை. அதனால் குறைந்த வெளிச்சத்திலும் பதியும் கோடக்கின் 800 வேக ஃபிலிமைப் போட்டார். அதில் தெரியும் மணல்போன்ற நெருடல் 1988இன் இரவுகளுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

தியேட்டரில் ஏன் ஓடவில்லை? (வாசகி, மதுரை)

செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஏழு வாரம்கூட ஆகாத நிலையில், அக்டோபர் 26 அன்று விமான என்ஜின் விழும் படம் வந்தால் யார் போவார்கள்? டிவிடியும் நள்ளிரவுக் காட்சிகளும்தான் காப்பாற்றின. மைக்கேல் ஆண்ட்ரூஸ் இசையில் கேரி ஜூல்ஸ் பாடிய 'மேட் வேர்ல்ட்' 2003 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இரண்டாம் பாகம் பார்க்கலாமா? (வாசகர், கரூர்)

வேண்டாம். 2009இல் வந்த 'எஸ். டார்க்கோ'வில் கெல்லிக்குப் பங்கே கிடையாது.