பையன் குதிரை வைத்தியம் படிக்கணும்கிறான், விடலாமா?

அண்ணா, நீங்கள் அனுப்பியதை இரண்டு தடவை படித்தேன். பையன் ஆடி மாதம் வந்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்க் குதிரைப் பக்கமே நிற்கிறான், இப்போது பிளஸ் டூவில் உயிரியல் படித்துக்கொண்டே குதிரைக்குத் தீவனமும் மருத்துவமும்தான் என் வேலை என்கிறான், சொந்தக்காரர்கள் "ரேஸுக்கா போகப் போறான்?" என்று கேட்கிறார்கள், உங்களுக்குத் தூக்கமே இல்லை. புரிகிறது. விடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அவன் முதலில் கால்நடை மருத்துவர் ஆகட்டும், குதிரை அந்தப் படிப்புக்குள் ஒரு பகுதியாக வரட்டும்.

காரணம் இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகள் 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரையை மட்டும் நம்பி ஒரு சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டினால், அந்த வேலை கிடைக்காத வருடம் கையில் வேறு எதுவும் இருக்காது. மூன்று மாதப் படிப்பு, ஆறு மாதப் படிப்பு என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். சிகிச்சை செய்யும் உரிமை அதில் வராது.

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் உள்ளுறைப் பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கல்லூரிகள் இருக்கின்றன, பிறகு சேலம் தலைவாசல், தேனி, உடுமலையும் சேர்ந்தன. மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான், அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்குத்தான் நீட். விண்ணப்பம் போடும் வருடத்து விதிகளைப் பல்கலைக்கழக அறிவிப்பிலேயே நேரில் படியுங்கள், அடுத்தவர் சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். படிப்பில் மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் வரும், குதிரை அதில் சிறு பங்குதான். அப்புறம் மேற்படிப்பான எம்.வி.எஸ்சி.யில் கால்நடை ஊட்டச்சத்தியல் அல்லது மருத்துவம் எடுத்தால் அங்கே குதிரைப் பக்கம் திரும்பலாம். ஹரியானாவின் ஹிசாரில் 1985 முதல் குதிரை இனங்களுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது, அதையும் அவன் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

சரி, "குதிரைக்குத் தீனி போட ஒரு பட்டப்படிப்பா?" என்று உங்கள் அப்பா கேட்டாராமே. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும் என்று பழமொழி வைத்திருக்கிற ஊரில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் மாடு வேறு, குதிரை வேறு. மாட்டுக்கு முன்வயிற்றில் நுண்ணுயிரிகள் புல்லை நொதிக்க வைக்கின்றன, குதிரைக்கு அது பின்னால், பெருங்குடல் பகுதியில் நடக்கிறது. இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறியது, வாந்தி எடுக்கவும் முடியாது. ஒரே வேளையில் தானியத்தை அள்ளிக் கொட்டினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அமிலம் ஏறி, வயிற்றுவலியும் சில நேரம் குளம்புக்குள் அழற்சியும் வந்து நல்ல குதிரை நடக்க முடியாமல் போகும். அதனால்தான் தினமும் உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை, உலர் எடைக் கணக்கில், நார்த்தீவனமே முதலில் என்கிறது அறிவியல். தானியம் மிச்சத் தேவைக்குத்தான், அதையும் பல வேளையாகப் பிரித்து.

நம் பக்கத்துக்கே நேராகப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். கொறங்காட்டில், அதாவது நம் மேய்ச்சல் காட்டில், வளரும் கொழுக்கட்டைப் புல் காங்கேயம் மாட்டுக்கு அருமையானது. அதில் இருக்கும் ஆக்சலேட் என்கிற உப்பு சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது, மாட்டு வயிற்று நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதே புல்லே எப்போதும், அதோடு பாஸ்பரஸ் நிறைந்த கோதுமைத் தவிடும் என்று போட்டால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவி எடுக்கும், முக எலும்பு வீங்கும், நொண்டும். சில மாட்டுத் தீவனங்களில் சேர்க்கும் மோனென்சின் என்கிற மருந்து குதிரையின் இதயத் தசையையே கெடுத்துக் கொன்றுவிடும். வைத்திருப்பவர் பாசமாகத்தான் போடுகிறார், தெரியாமல் போடுகிறார். இதைச் சொல்ல ஆள் வேண்டும் அண்ணா, உங்கள் பையன் அந்த ஆளாக வரட்டும்.

வேலை எங்கே என்றால், பெங்களூரு, புனே, ஹைதராபாத் ரேஸ் வளாகங்கள், இனப்பெருக்கப் பண்ணைகள், ராணுவத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் ரிமவுண்ட் அண்ட் வெட்டர்னரி கோர் பிரிவு (அங்கே கால்நடை மருத்துவப் பட்டதாரிகள் கேப்டன் பதவியில் சேர்கிறார்கள்), செங்கல் சூளைகளில் உழைக்கும் கழுதை, கோவேறு கழுதைகளுக்காக இயங்கும் புரூக் போன்ற தொண்டு அமைப்புகள். யாரும் யோசிக்காத இடம் ஒன்று உண்டு, பாம்புக்கடி மருந்து. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் பாம்பு விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது, அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, உருவாகும் எதிர்ப்பொருளை ரத்தத்திலிருந்து பிரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப ரத்தம் கொடுக்கும் குதிரையின் புரதம், எடை, ரத்த அளவு எல்லாவற்றையும் ஒருவர் கவனித்தாக வேண்டும். வயல்காட்டில் கடிபட்டவர் பிழைப்பது அந்தக் குதிரையை நம்பித்தான்.

ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். தெரிந்தவர் வீட்டுக் குதிரை ஒன்றின் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள், அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ, அதற்குத் தினமும் உலர் எடைக் கணக்கில் நான்கு முதல் ஐந்தே கால் கிலோ வரை நார்த்தீவனம் வேண்டும். அந்தக் குதிரைக்கு உண்மையில் என்ன விழுகிறது என்று ஒரு மாதம் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதட்டும், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும், சாணத்தையும் கவனிக்கட்டும். சவாரி மட்டும் பிடிக்கிற பையன்கள் பத்தாம் நாள் நோட்டை மூடிவிடுவார்கள்.

பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் வாருங்கள், அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். மதிப்பெண் கணக்கை அதற்கப்புறம் பார்ப்போம்.