வாசகர் கேள்வி – பதில்: துக்கத்தை வரைய எந்த நீலம்?

கேள்வி: என் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அந்தக் கடலை வரைய அக்ரிலிக் வண்ணம் வாங்கி உட்கார்ந்தால், ஒவ்வொரு முறையும் காலண்டர் படம்போல அழகாக வந்து நிற்கிறது. மனதில் இருக்கும் கடல் வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது? – வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, எந்தக் கடல் என்று முடிவு செய்யாமல் வரைந்தால் காலண்டர் கடல்தான் வரும். உங்கள் ஊருக்கு இரண்டு கடல் உண்டு. வடக்கே பாக் விரிகுடா, நம் மக்கள் சொல்லும் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வாடைக் காற்று மாதங்களில் பாக் பக்கம் தண்ணீர் கலங்கி மங்கல் பச்சையாக இருக்கும். ஆழம் குறைவு என்பதால் அலை குட்டையாக, நெருக்கி நெருக்கி வரும். ஆனி, ஆடியில் மன்னார் பக்கம் அலைக்கு உயரமும் இடைவெளியும் கூடுதல். அண்ணன் புறப்பட்ட மாதம், நேரம், அன்று அடித்த காற்று ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எதிரில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். துக்கம் அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

நிறத்துக்கு வருவோம். தாலோ புளூ ட்யூபை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். துளி பட்டாலே மற்ற நிறங்களை விழுங்கிவிடும். அல்ட்ராமரீன் புளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் ஒயிட் நான்கும் போதும். அல்ட்ராமரீன் ஏறக்குறைய இரண்டு பங்கு, சியன்னா ஒரு பங்கு சேர்த்தால் கறுப்பை நெருங்கும் சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் இரவுக் கடல். சியன்னாவும் ஓக்கரும் கூடினால் கலங்கல். கறுப்பு ட்யூப் வேண்டாம், தண்ணீர் தார் பூசியதாகிவிடும். நுரைக்கும் நேராக வெள்ளையை எடுக்காதீர்கள். நுரையின் பெரும்பகுதி வெளிர்சாம்பல்தான். வெயில் படுகிற விளிம்பில் மட்டும், கடைசியில், சுத்த வெள்ளை.

12க்கு 16 அங்குல கேன்வாஸைக் கிடையாக வைத்து, அடிவானத்தை மேலிருந்து 2 அங்குலத்தில் வையுங்கள். வானம் ஒடுங்கிப்போய்த் தண்ணீர் நம்மை நோக்கி வரும். படகு போடத் தோன்றும். முதல் படத்தில் வேண்டாம். படகு இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும், கடல் பின்னணியாகிவிடும்.

அழுகை வந்தால் அழுங்கள், பிரஷ்ஷை மட்டும் தண்ணீரில் போட்டுவிட்டு. மயிருக்குள் அக்ரிலிக் காய்ந்தால் அந்த பிரஷ்ஷை மீட்பது கஷ்டம். பூசியது பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே அழிக்க வேண்டாம். காய்ந்த அக்ரிலிக் தண்ணீரில் கரையாது, நாளைக்கு அதன் மேலேயே அடுத்த பூச்சைப் போடலாம். இன்னொன்று: தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் படத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: மொட்டைமாடியில் வரைகிறேன். வானத்தை இழைப்பதற்குள் வண்ணம் காய்ந்து கோடு கோடாகத் தெரிகிறது. மறுநாள் பார்த்தால் நிறமும் இருண்டிருக்கிறது. – வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் ஊர்க் காற்றுக்கு அப்படித்தான் காயும். அதற்காகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். வண்ணத்தில் இருக்கும் பசை நீர்த்துப்போய், காய்ந்தபின் வண்ணம் பிடிமானம் இல்லாமல் நிற்கும். மூடியுள்ள அகலமான டிபன் பாக்ஸில் நனைத்த துணியை மடித்துப் போட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணத்தை வையுங்கள். வானத்துக்கு வேண்டிய மூன்று நிறங்களையும் முன்கூட்டியே தாராளமாகக் கலந்துவிட்டு, ஒன்றரை அங்குல தட்டை பிரஷ்ஷால் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்குங்கள். ஈரம் இருக்கும்போதே விளிம்புகளைச் சேர்த்துவிட வேண்டும். பாதி காய்ந்ததைத் தேய்த்தால் தோல் உரிந்து வரும். அதை விட்டுவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் கலவை) சேர்த்தால் ட்யூபில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள், பிசுபிசுப்பு போகாது.

நிறம் இருள்வதற்குக் காரணம், ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடியாகத் தெளிவதுதான். ஒரு படி வெளிறலாகவே கலந்து, அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

கேள்வி: அப்பாவின் அஸ்தியைச் சேதுக்கரையில் கரைத்தோம். அந்த இடத்து மண்ணையும் கடல் தண்ணீரையும் படத்தில் சேர்க்கலாமா? – வாசகி, ராமநாதபுரம்

பதில்: மண் சேர்க்கலாம். கடல் தண்ணீர் வேண்டாம். உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, வெள்ளை பூத்து, பூச்சைக் கிளப்பிவிடும். மண்ணிலும் உப்பு இருக்கும். ஐந்தாறு முறை நல்ல தண்ணீர் மாற்றிக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, டீ வடிகட்டியில் சலியுங்கள். பவளத் துண்டு எதுவும் எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரு ஸ்பூன் மண்ணுக்கு இரண்டு ஸ்பூன் ஹெவி ஜெல் மீடியம் (கெட்டியான அக்ரிலிக் பசை). ஃபெவிக்கால் ஈரத்தில் இளகும் என்பதால் அது சரிப்படாது. கேன்வாஸ் தொய்ந்தால் மணல் உதிரும். கெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிளைவுட் பலகை நல்லது. பேலட் கத்தியால் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பிறகு வண்ணம் பூசும்போது கரையோரம் ஒரு கையகலத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அப்பா கரைந்த இடத்து மண் மண்ணாகவே தெரியட்டும்.

முடிந்த படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். நம் வெயிலுக்கு அக்ரிலிக் இளகி ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பூச்சு கிழியும். நடுவில் கேக் சுடும்போது விரிக்கிற, சிலிக்கோன் பூசிய பேப்பர் ஒன்று வையுங்கள்.